பத்தாவது வாக்கியம்

அறுபத்திரண்டோ அறுபத்து மூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. நெய்வேலியில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடிவந்த புதிது. எனக்குப் பத்தொன்பது வயசு. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். வீட்டுக்காரருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. அவர் கிளம்பிவிட்டால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. எனக்கோ வாயை மூடிக்கொண்டு அரை மணி நேரம் இருக்க முடியாது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வங்காளத்துப் பெண் ஒருத்தி. என் வயசுதான். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கான்வென்ட்டில் படித்தவள், இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள். நான் படித்த இங்கிலீஷ் பரீட்சைத் தாளோடு சரி. ஒரு மாசம் வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் நின்று சிரித்துக்கொண்டதுதான் மிச்சம். எனக்குக் கன்னமே வலித்தது.

ஒரு நாள் அவளே என் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் சமையலறையில் உட்கார வைத்தாள். பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் 'ஓப்பன்' என்று எழுதி, கீழே பத்து வாக்கியம் எழுதினாள். கதவைத் திற, ஜன்னலைத் திற, டப்பாவைத் திற என்று எல்லாம் வீட்டுப் பேச்சுதான். சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றையும் திறந்து காட்டினாள். நானும் சொல்லிச் சொல்லித் திறந்தேன். அன்றைக்கு அவள் வீட்டில் நாங்கள் திறக்காத டப்பா இல்லை.

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு வினைச்சொல். திங்கட்கிழமையானால் புதுத் தாள் வந்துவிடும். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். வேலைக்கு நடுவே அது தானாக வாயில் வர வேண்டும். 'கிவ்' வாரத்தில், ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரிடம், "கிவ் மீ யுவர் டிபன் பாக்ஸ்" என்றேன். மனுஷர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டார். பதிலுக்கு நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் ஊர்த் தமிழ்தானே எனக்குத் தெரியும்? அவள் காய்கறிக்காரரிடம் "இன்னாங்க வெலை?" என்று கேட்டதில் அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தது. அப்படி ஒரு சிநேகிதி எனக்கு அதற்கு முன்னாலும் இல்லை, அப்புறமும் வாய்க்கவில்லை.

ஒரு நாள் அவள் தன் ஊர்ப் பாயசம் செய்து வெண்கலக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். கனமான கிண்ணம், விளிம்பில் சின்னதாக ஒரு நெளிசல். கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தது என்பதை 'மதர்', 'மேரேஜ்' என்ற இரண்டு வார்த்தையை வைத்துப் புரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். இவளுக்குப் போய்ச் சர்க்கரையா என்று எனக்கு ஒரு வீம்பு. அப்பா வீட்டுக் கொல்லையில் முந்திரி பறிக்கும் காலம் நெருங்கியிருந்தது. அண்ணன் கொண்டுவந்ததும் கிண்ணம் நிறையப் போட்டுக் கொடுக்கலாம் என்று, புளி போட்டுத் தேய்த்து அலமாரியில் வைத்தேன். இதை அவளுக்கு விளக்கிச் சொல்ல என்னிடம் அவ்வளவு இங்கிலீஷ் இல்லை. ஒரு மாசம் ஓடிவிட்டது. அவளும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எதிர் வீட்டு அக்கா ஓடி வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். பெங்காலிப் பெண்ணின் மாமனாருக்கு ரொம்ப முடியவில்லை என்று தந்தி வந்திருக்கிறதாம். அவள் புருஷன் வேலையையே விட்டுவிட்டு ஊரோடு போகிறாராம். பன்னிரண்டு மணி பஸ்ஸாம்.

உடனே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே? என் கண் போனது அலமாரிக்கு. அண்ணன் இன்னும் வரவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பம் கடைக்கு வேகு வேகென்று நடந்தேன். அங்கே இருந்த முந்திரிப் பருப்பில் பாதிக்கு மேல் உடைசல். அம்மா கொடுத்த கிண்ணத்தில் உடைசலைப் போட்டுக் கொடுப்பதா என்று முழுப் பருப்பாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒடைஞ்சா ருசி பூடுமா?" என்று கேட்டார். நான் காதில் வாங்கவில்லை.

திரும்பி வந்தால் அவள் வீட்டில் பூட்டு. தெரிந்தவர் ஒருவர் ஜீப்பில் ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொல்ல, பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டார்களாம். எதிர் வீட்டு அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"உன் வாசல்லயேதாம்மா நின்னுச்சு. ஜீப்புல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காக, அது நகரவே மாட்டேங்குது" என்றார்.

கதவைத் திறந்தேன். உள்ளே தரையில் ஒரு காலண்டர் தாள் கிடந்தது. கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வாரத்துத் தாள். மேலே 'பிரிங்' என்று எழுதியிருந்தது. பால் கொண்டு வா. விளக்கைக் கொண்டு வா. மழை வருகிறது, குடை கொண்டு வா. ஒன்பது வாக்கியம் வழக்கமான குண்டு குண்டு எழுத்து. பத்தாவது மட்டும் பென்சிலில், அவசரத்தில் கோணிக்கொண்டு இருந்தது.

"பிரிங் மை பவுல் வென் யூ கம்."

அவள் செய்து காட்டாமலே எனக்கு முழுசாகப் புரிந்த முதல் வாக்கியம் அது. கிண்ணத்தை அவள் திருப்பிக் கேட்கவில்லை. அதைச் சாக்காக வைத்து என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். எங்கே வருவது? விலாசம் எழுத மறந்திருந்தாள். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வரும்வரை அழுதேன்.

அவர் ஆபீஸில் விசாரித்து ஊர்ப் பேரை மட்டும் வாங்கி வந்தார். எனக்குத் தெரிந்த அத்தனை வினைச்சொல்லையும் போட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். நான் வருவேன், கிண்ணத்தைக் கொண்டு வருவேன் என்றுதான் முடித்திருந்தேன். ஆள் தெரியவில்லை என்று அது திரும்பி வந்துவிட்டது.

வீட்டுக்காரர் ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அப்புறம் இரண்டு வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் அந்தக் கிண்ணத்தை மட்டும் வண்டியில் ஏற்றவிடாமல் நானே கையில் வைத்துக்கொண்டு வந்தேன். வருஷா வருஷம் ஊரிலிருந்து முந்திரி வந்தால் முதல் பிடி அதில்தான். நாலு நாள் யாரையும் தொட விடமாட்டேன். அப்புறம் பேரப்பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடுவார்கள். யாருக்கு வைத்திருக்கிறாய் என்று அவர்கள் கேட்டால் என் சிநேகிதிக்கு என்று சொல்வேன்.

அன்றைக்கு அந்தக் கிண்ணத்தை வெறுமையாகவே தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடியிருந்தால் முழுசாக ஒரு மணி நேரம் அவளோடு இருந்திருப்பேன், அந்த ஒரு மணி நேரத்துக்கு என் மனசு இன்னமும் ஏங்குகிறது.