அவருக்கு மிஞ்சிய ஒரு சொல்

பாரிசவாதம் வந்து பதினோராம் நாள் என் கணவர் வாய் திறந்து ஒரு சொல் சொன்னார். "மாரேலா."

தண்ணி வேணுமோ என்று கேட்டேன். "மாரேலா." நோகுதோ என்றேன். அதற்கும் அதேதான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த சுவிஸ் பெண், "இது உங்கள் மொழியில் என்ன?" என்று கேட்டாள்.

"தமிழில் இப்படி ஒரு சொல் இல்லை" என்றேன்.

மூளை அடிபட்டால் சிலருக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும் என்றாள்.

ஷ்லீரன் ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்து அவருடைய உடுப்புகளை எடுக்கும்போதுதான் அலுமாரிக்குள் அவர் கதை எழுதும் கொப்பிகளைக் கண்டேன். உணவகத்துச் சமையலறை வேலை முடித்து வந்தால் மேசையில் இருந்து எழுதுவார். வளர்ந்த மனுசன், இல்லாத ஒரு தேசத்தைப் பற்றிக் கதை எழுதுகிறாரே என்று எனக்கு எரிச்சல். ஒருமுறை, "ஒரு அத்தியாயம் வாசிக்கட்டோ, கேக்கிறீரோ?" என்றார். "எனக்கு மடிக்க உடுப்புக் கிடக்கு" என்றேன். பிறகு அவர் கேட்கவே இல்லை.

கட்டிலில் இருந்துகொண்டு முதற் கொப்பியைத் திறந்தேன். இரண்டு சூரியன் காயும் பாலைவனம். கிணறுகளை எல்லாம் பிடித்து வைத்திருக்கும் அரசன், அங்குள்ள மக்கள் தங்கள் தெய்வத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்று சட்டம் போடுகிறான். சொன்னால் தண்ணீர் இல்லை. உப்பு வெட்டும் பெண் ஒருத்தி, கைக்குழந்தையைத் தாகத்துக்குப் பறிகொடுத்தவள், சந்தை நடுவில் நின்று அந்தப் பெயரைச் சொல்கிறாள். பக்கத்தில் நின்றவன் சொல்கிறான். பிறகு சந்தையே சொல்கிறது: மாரேலா. அங்கே தொடங்குகிறது கிளர்ச்சி.

அந்தக் குழந்தைக்கு இடது காதுக்குப் பின்னால் மச்சம் என்று எழுதியிருந்தார். எங்கள் மகளுக்கும் அங்கேதான் இருந்தது. ஒன்பது நாள் இருந்தாள். அவளைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைத்ததே இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் கொப்பியோடு போய் அவருக்கு வாசித்தேன். குழந்தை வரும் இடத்தில் நிறுத்தினேன்.

"இஞ்சாருங்கோ, இது எங்கட பிள்ளையோ?"

இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவருக்குக் கண்ணீர் வந்தது. துடைத்துவிட்டு, அடுத்த பக்கத்தையும் வாசித்தேன்.

அப்படி ஒவ்வொரு பின்னேரமும் வாசித்தோம். ஏழாவது கொப்பி பாதியில் நிற்கிறது. அரசனின் கோட்டைக் கதவு எரிகிறது, அந்தப் பெண் ஏணியில் கால் வைக்கிறாள், அவ்வளவுதான்.

"வெல்லுவினமோ?" என்று கேட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டார். மாசியில் இரண்டாம் முறை வாதம் வந்தது. அதோடு போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வந்த அவருடைய கூட்டாளி ஒருவர், கதையை அச்சடிக்கலாம், முடிவை நீங்கள் எழுதித் தாங்கோ என்றார். எழுத வராது என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சனத்தை அவர் எங்கே கொண்டுபோக நினைத்தார் என்றே எனக்குத் தெரியாது. பதினெட்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நான் கேட்கவில்லை.