வாதிக்கும் சீட்டுப் போட்ட குப்பம்

எங்கள் குப்பத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான். அந்தப் பாவத்துக்குத்தான் கேஸ் கட்டு என் தலையில் விழுந்தது. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைக்க, அதில் ஒன்றில் எனக்கு டைம் கீப்பர் வேலை. காலையில் கேட்டில் நின்று பெயர் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதியாகப் படுக்கலாம் என்று ஊருக்குப் போனால், கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். "நீ படிச்சவன், இன்னா எழுதிக்கீதுன்னு பாரு" என்பார்கள். படித்துச் சொன்னால் யாராவது காதில் போட்டுக்கொண்டால்தானே!

விஷயம் சின்னது. பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் இடத்தில் வலை கட்ட ஒரு நல்ல தண்ணீர்த் துண்டு உண்டு. அது எவனுக்கும் சொந்தமில்லை. வருஷத்துக்கொரு தடவை சீட்டுக் குலுக்கி, எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று பிரித்துக்கொள்வோம். இதற்குப் பாடு என்று பெயர். நாற்பது வீட்டுக்கும் அதுதான் சோறு. வெள்ளைக்காரன் ஆண்ட கடைசி வருஷங்களில், உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் அந்தத் தண்ணீரைக் குத்தகைக்கு எடுத்துவிட்டேன் என்று ஒரு காகிதத்தை நீட்டினார். குப்பமே திரண்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போனது. வக்கீல் குமாஸ்தா, வாதி என்று எழுத ஒரே ஒரு பெயர் கேட்டாராம். இவர்கள் என்ன செய்தார்கள்? அங்கேயே மரத்தடியில் சீட்டுக் குலுக்கினார்கள். யார் பெயர் விழுந்ததோ அவர் வாதி.

அப்புறம் கேஸ் படியேறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. முதல் காகிதங்களில் கிரீடம் இருக்கும். அப்போது கடைசிப் படி லண்டன். கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஏரியைக் கண்ணால் பார்க்காதவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். நடுவில் டெல்லியில் பெடரல் கோர்ட் என்று ஒரு படியும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு லண்டன் படியை எடுத்துவிட்டு உச்ச நீதிமன்றம் வைத்தார்கள். கிரீடம் போய்ச் சிங்கம் வந்தது. மற்றபடி மாறியது என்ன என்று நானும் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அதே கறுப்பு அங்கி, அதே இங்கிலீஷ். வெள்ளைக்காரன் வெயில் தாங்காமல் விட்ட கோடை விடுமுறையைக்கூட விடவில்லை. எரிச்சலாக வரும் எனக்கு.

சென்னையில் ஜெயித்தோம். குத்தகைக்காரரின் பிள்ளைகள் விடவில்லை, டெல்லிக்குப் போனார்கள். கேஸ் முடியும்வரை நாங்கள் வலை கட்டலாம் என்று உத்தரவு இருந்தது. டெல்லி வக்கீலுக்கு வக்காலத்து கொடுக்க வாதியின் கைநாட்டு வேண்டும். நான் மை டப்பாவோடு ஊருக்குப் போய், "வாதி எங்கே?" என்றேன். என் நைனா எழுந்து வந்து கட்டை விரலை நீட்டினார்.

"உனுக்கு இன்னா நைனா? வாதியைக் கூப்பிடு."

"இந்த வருசம் நான்தான்டா வாதி. சீட்டுல நம்ம ஊடு வுயுந்துக்குது."

கேட்கக் கேட்கத்தான் எல்லாம் வெளியே வந்தது. உண்மையான வாதி கேஸ் போட்ட இரண்டாம் வருஷமே செத்துப்போயிருக்கிறார், பிள்ளை குட்டி இல்லை. பாடு போலவே வாதிக்கும் வருஷா வருஷம் சீட்டு. கோர்ட்டில் டவாலி பெயரைக் கூப்பிட்டால், அந்த வருஷத்து ஆள் "ஐயா" என்று போய் நிற்பார், கைநாட்டு வைப்பார். முப்பது வருஷமாக! வக்கீலிடம் ஒருத்தராவது வாயைத் திறந்ததில்லை.

"பொய்யி இல்லியாடா இது?" என்று கத்தினேன், பெற்றவர் என்றுகூடப் பாராமல்.

"இன்னாடா பொய்யி? கேஸு ஊரோடது. அன்னிக்கு எவன் முறையோ அவன் போறான். தண்ணிக்கு அப்பிடித்தானே போறோம்? சும்மா பேஜாரு பண்ணாத, மையைக் குடு."

நான் கொடுக்கவில்லை. மறுநாளே சென்னை வக்கீலிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "செத்த அன்றே சொல்லியிருந்தால் பெயர் மாற்றும் அரைப் பக்க மனுவில் முடிந்திருக்குமே ஐயா! இனி தாமதத்தை மன்னிக்கும்படி டெல்லியில் கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

டெல்லிக்கு நானே போனேன். டெல்லி ரயில் எங்கள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. தெற்கே சென்னைக்குப் போய் ஏறி, அதே ஸ்டேஷனை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வடக்கே போனேன். அந்தக் கோர்ட்டின் வராந்தாவில் காலையிலிருந்து நின்றேன். எங்கள் கேஸ் கூப்பிட்டு முடிய ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. செத்தவர் பெயரில் ஓடிய வழக்கு செல்லாது, வந்த தீர்ப்புகளும் செல்லாது, இவ்வளவு தாமதத்தை மன்னிக்க முடியாது என்றார்கள். சீட்டு, பாடு, முகத்துவாரம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. நான் உண்மையைச் சொன்னேன். நாற்பது வீட்டுத் தண்ணீர் போனது.

ஊரில் யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு நாலு கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். நைனா மட்டும் வலையை மடித்துப் பரணில் போட்டுவிட்டு, "உங்க பாக்டரியில கூலி வேலை கீதா?" என்று கேட்டார். காண்ட்ராக்டர் காலில் விழாத குறையாகக் கேட்டு மூன்று ஆளுக்கு இடம் வாங்கினேன். நாற்பது வீடு, மூன்றே இடம். அதற்கு என்ன செய்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் மாதம் முழுக்க ஒழுங்காக அதே மூன்று பேர் வந்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதி காலையில், பட்டியலில் இருந்த முதல் பெயரைக் கூப்பிட்டேன். அந்தப் பெயருக்கு உரியவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

"ஐயா" என்று வரிசையிலிருந்து கையைத் தூக்கினார் என் நைனா. தலை முழுக்க நரை.

காண்ட்ராக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "யோவ், இவர்தானா அது?" என்றார்.

நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, தூக்கின கையை இறக்காமல் நின்றார்.

"இவர்தான் சார்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயருக்கு நேரே டிக் போட்டேன்.