செவுள் அசைகிறவரை

கலர் மீன் கடைக்காரனுக்குத் தொட்டிகளுக்குக் காற்று ஊதுகிற மோட்டார் சத்தம் கேட்கிறவரை நிம்மதி. சத்தம் நின்றால் அவனுக்கும் மூச்சு முட்டும். உயிருள்ள சரக்கை வைத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். கோவில்பட்டியில் நான் கடை திறந்த முதல் வருடம், மீன்கள் மொத்தமாக ஒருமுறை செத்தால் கடையை மூட வேண்டியதுதான் என்ற நிலை. வீட்டில் அதைச் சொல்லவில்லை.

நல்ல தண்ணீர்

கழுகுமலைப் பக்கம் பருத்தி போட்டிருக்கும் ஒரு பெரியவர் பேத்திக்காக நான்கு கோல்டு ஃபிஷ் வாங்கிப் போனார். மூன்றாம் நாள் பையோடு திரும்பி வந்தார். இரண்டு செத்திருந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் வெந்ததுபோல் சிவந்திருந்தது. குழாயில் வந்த குளோரின் தண்ணீரை அப்படியே ஊற்றியிருக்கிறார். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றைச் செவுள்தான் இழுக்கும், மருந்து பட்டால் புண்ணாகிவிடும், ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள் என்றேன். பெரியவர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

“எட்டு நாளைக்கு ஒருக்க வருத தண்ணி தம்பி. நாங்க குடிக்கதுல கொறச்சுல்லா இதுகளுக்கு ஊத்துனேன்.”

மூடி

புதியம்புத்தூரில் துணி தைக்கிற ஒரு அக்கா, ஃபைட்டர் மீன் சோர்ந்து கிடக்கிறது என்று பாட்டிலோடு வந்தார். வாய்வரை தண்ணீர், மேலே இறுக்கமான மூடி. அந்த மீனுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் மடிப்பு மடிப்பாக இன்னொரு உறுப்பு உண்டு. மேலே வந்து வெளிக்காற்றை விழுங்கி அதில்தான் நிரப்பிக்கொள்ளும். மூடியைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டினேன். மீன் மெதுவாக ஏறி, ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு இறங்கியது. அக்கா முகம் சிறுத்துவிட்டது.

“நான் பக்கத்துல போறப்பல்லாம் மேல மேல வந்துச்சு. என்னயத் தேடுதுன்னு இருந்துட்டேன்.”

பராமரிப்பு நாள்

மின்வாரியப் பராமரிப்பு வேலைக்காகக் காலையில் போன கரண்ட் மாலைதான் வரும் என்றார்கள். சித்திரை வெயில், தண்ணீர் சுட்டால் அதில் காற்றும் குறையும். பதினோரு தொட்டிகள். பேட்டரி மோட்டார் இரண்டு தொட்டிக்குத்தான் காணும். மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். விழுகிற தண்ணீர் காற்றைக் கொண்டுபோகும். ஒரு தொட்டியில் மீன்கள் இறங்கினால் அடுத்ததில் மேலே வந்து வாய் பிளந்தன.

கரண்ட் இல்லாததால் வேலை நின்று, தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் வாசலில் நின்றார்கள். “என்ன அண்ணாச்சி, மீனுக்கு அபிஷேகமா?” என்றாள் ஒருத்தி. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. சாப்பாட்டுப் பைகளை ஓரமாக வைத்துவிட்டு ஆளுக்கொரு மக்கை எடுத்தார்கள். அவர்கள் ஏற வேண்டிய பஸ் இரண்டு போனது. ஐந்து மணிக்கு மோட்டார் உறுமியபோது எட்டு கப்பி மீன்கள் செத்திருந்தன. மற்ற அத்தனைக்கும் செவுள் அசைந்துகொண்டிருந்தது.

ஆளுக்கு ஒரு ஜோடி மீன் பிடித்துக் கொடுத்தேன். முதலில் கேலி செய்தவள் பையைத் திருப்பி என் கையிலேயே வைத்தாள்.

“நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எங்க வீட்ல கரண்டு போனா நாங்க யாரக் கூப்புடுதது?”

காற்று சும்மா கிடைக்கிறது என்று யார் சொன்னாலும், அன்று இரவு அந்த மூன்று பேரின் தோள்கள் எப்படி வலித்திருக்கும் என்றுதான் எனக்கு நினைப்பு போகிறது.