மூன்றாவது நாட்டுக் கலியாணம்

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்தவள் ஒரு கமரூன்காரி. ஊரில் சண்டை என்று ஓடிவந்து இங்கே அகதியானவள். ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பேருந்து ஓட்டும் கொங்கோக்காரர் ஒருவரை விரும்பினாள். ஆனால் அம்மா பக்கத்தில் நிற்காமல் கலியாணம் இல்லை என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அம்மாவுக்கு ஜேர்மனி வர விசா கிடைக்கவில்லை. திரும்பிப் போவார் என்று நம்ப முடியாதாம். தோட்டமும் கோழிகளும் வீடு நிறையப் பேரப்பிள்ளைகளும் உள்ள மனுசி, பேர்லின் குளிரில் ஒளித்திருந்து என்னத்தைக் காணப்போகிறார்?

"வீடியோவில் காட்டலாமே," என்றார் எங்கள் மேற்பார்வைக்காரி, ஆறுதலாகத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கடை மகளின்ரை கலியாணத்தை நீங்கள் ஃபோனிலையோ பார்த்தனீங்கள்?" என்று கேட்டேன். கேட்டது டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில்; சூடு குறையாமல் தமிழில் எழுதுகிறேன். அவர் முகம் சிவந்துபோனது. எனக்கு அதில் இன்றுவரை வருத்தமில்லை.

எங்கள் ஈழத்துச் சனத்துக்கு இது தெரிந்த கதை. என் கணவர் அகதி. கொழும்பில் இறங்க முடியாது. என் வீட்டாருக்கு ஜேர்மனி விசா இல்லை. இரண்டு பகுதியும் திருச்சியில் போய் இறங்கினோம். தாலி அங்கேதான் ஏறியது, என் அம்மா பக்கத்தில் நின்றார். எங்களில் எத்தனை பேருடைய கலியாண அல்பத்தில் திருச்சி மண்டபமும் சிங்கப்பூர்க் கோயிலும் இருக்கின்றன! அங்கேயும் விடமாட்டார்கள், இங்கேயும் விடமாட்டார்கள் என்றால் மூன்றாவது நாடு ஒன்று இல்லாமலா போகும்?

அவளுக்கும் அதைத்தான் சொன்னேன். அவள் கசப்பாகச் சிரித்தாள். "அக்கா, ஆபிரிக்காவுக்குள்ளை ஆபிரிக்கர் போறதெண்டாலும் விசா வேணும். கொங்கோக்காரருக்குக் கமரூன் போக ஒரு அலைச்சல், என்ரை ஆக்களுக்கு கொங்கோ போக இன்னொரு அலைச்சல். தடையில்லாமல் போய்வரலாம் எண்டு ஒப்பந்தம் மட்டும் போட்டு வைச்சிருக்கினம்."

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடான். உமக்கேன் உந்தத் தலையிடி?" என்றார்.

"அப்ப பூசாரி மறிக்காத கோயிலாப் பாப்பம்," என்றேன்.

பார்த்தோம். இருந்தது. பெனின் என்ற சின்ன நாடு, எந்த ஆபிரிக்க நாட்டுக் கடவுச்சீட்டையும் விசா கேட்காமல் உள்ளே விடுகிறது. கமரூன்காரியும் கொங்கோக்காரரும் அதுவரை கால் வைக்காத நாடு. அதனால் என்ன? திருச்சி மட்டும் எனக்கு மாமா வீடா?

லீவு கேட்டபோது மேற்பார்வைக்காரி, "அந்த நாடுகளுக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதே, விமான நிலையத்திலேயே திருப்பிவிடுவார்கள்," என்றார். திருப்பினால் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் முதல்நாளே வந்து சேர்ந்துவிட்டார்கள். பெனினின் கொட்டோனு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டது நாங்கள் இரண்டு பேரும்தான். என் கையில் ஜேர்மன் கடவுச்சீட்டு, அவள் கையில் ஜேர்மனி கொடுத்த அகதிப் பயணப் புத்தகம். இரண்டுக்கும் விசா வேண்டும், எடுத்து வந்திருந்தோம். ஆனால் அவளுடைய நீலப் புத்தகத்தை அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் பக்கத்து வரிசையில் அவளுடைய அம்மா வந்து நின்றார். கமரூனின் டுவாலாவிலிருந்து வந்த விமானத்தில் இறங்கியிருந்தார். தலையில் மஞ்சள் துணி, தோளில் வீங்கிப்போன ஒரு பை. கமரூன் கடவுச்சீட்டை நீட்டினார். கேள்வியில்லை. முத்திரை விழுந்தது. நடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். பேர்லின் நம்பாத மனுசி! எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

திரும்பியபோதுதான் மகளைக் கண்டார். பல வருசம் காணாத மகள், கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம், இரண்டு அதிகாரிகளுக்கு முன்னால். அவர் ஓடிவந்து கட்டிப்பிடிக்கவில்லை, அழவுமில்லை. பையைக் கீழே வைத்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்த அதிகாரிகளைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"அவளை மறிக்காதேங்கோ. அவள் என்னோடை வந்தவள்."