இரண்டு மந்தைக்கும் ஒரே சிவப்பு

இரண்டு மலை, நடுவில் ஒரு ஓடை, இரு கரையிலும் புல், புல் மேல் ஆடு. ஊர் என்று சொன்னால் அவ்வளவுதான். முன்பெல்லாம் தூரத்துச் சந்தைக்கு ஆடு ஓட்டிப் போகிறவர்கள் இங்கே தங்கித் தண்ணீர் காட்டிப் போவார்கள். பிறகு ரயில் வந்தது, ஆடுகள் ரயிலேறின, தங்குகிறவர்கள் வருவது நின்றது. கொஞ்ச காலத்தில் ரயிலும் நின்றுபோனது. மிஞ்சியது ஆட்டு மயிர் மூட்டைகளை அடுக்கிவைத்த தகரக் கொட்டகை ஒன்று. அதில்தான் கடைக்காரி கடை வைத்திருக்கிறாள். ஆட்டு மருந்திலிருந்து ஊக்கு வரை எது கேட்டாலும் எடுத்துத் தருவாள், கூடவே இரண்டு வார்த்தை திட்டும் தருவாள்.

அவளுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. ஓடைக்கு அந்தப் பக்கம் பெரியவனுக்கு, இந்தப் பக்கம் சின்னவனுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடினார். ஓடை சும்மா இருந்ததா? ஒரு பெருமழையில் தடம் மாறி, தம்பியின் நல்ல புல்வெளியைத் தூக்கி அண்ணன் பக்கம் வைத்துவிட்டது. ஓடைதானே எல்லை என்றான் அண்ணன். பழைய ஓடைதான் எல்லை என்றான் தம்பி. அன்றோடு பேச்சு அறுந்தது. அதற்குப் பிறகு இவன் சொல்வதை அவனிடமும் அவன் சொல்வதை இவனிடமும் கடைக்காரிதான் சுமந்தாள். வசவுகளை மட்டும் வழியிலேயே விழுங்கிவிடுவாள்.

இந்த வருடம் அண்ணன் மந்தையை விற்றுவிட்டு நகரத்தில் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னான். கோடையில் வியாபாரி வருவதாகப் பேச்சு. கடைக்காரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவன் போய்விட்டால் இனி ஒருவன் சாவுக்குத்தான் இன்னொருவன் வருவான். அதுவும் சந்தேகம்தான்.

ஓடையில் தண்ணீர் இருக்கும்வரை மந்தைகள் ஆளுக்கொரு மலையில் மேயும். வற்றிவிட்டால் கலந்துவிடும். அதனால் அண்ணன் தன் ஆடுகளின் முதுகில் சிவப்புச் சாயம் பூசுவான், தம்பி நீலம். அண்ணன் வழக்கம்போல் சிவப்பு வாங்கிப் போன பிறகு தம்பி கடைக்கு வந்தான்.

"அண்ணன் இந்த வருஷம் நீலத்துக்கு மாறிட்டாருடா," என்றாள். பொய் சொல்கிறோமே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை. அண்ணனுக்கு விற்றதாகச் சொன்ன நீல டப்பாக்கள் சாக்குக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அப்ப எனக்குச் சிவப்பு குடு. அவரு தொட்ட கலர நான் தொடமாட்டேன்."

பேசிக்கொள்கிற அண்ணன் தம்பி என்றால் இந்தப் பொய் ஒரு பொழுது தாங்காது. அடுத்தவன் மலைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாத இந்த மகாராஜாக்களிடம் கோடை வரைக்கும் தாங்கியது.

ஓடை வற்றியது. மந்தைகள் இறங்கி வந்து கலந்தன. பார்த்த பக்கமெல்லாம் சிவப்பு. வியாபாரி தலையைச் சொறிந்துவிட்டு, பிரித்து வையுங்கள், பிறகு வருகிறேன் என்று நழுவிவிட்டார். இருவரும் பட்டிக்குள் இறங்கினார்கள். முதலில் ஆடுகளிடம் பேசுவதுபோலத்தான் பேசினார்கள். ஒரு நொண்டி ஆட்டை அண்ணன் அந்தப் பக்கம் தள்ள, தம்பி இந்தப் பக்கம் தள்ள, பாவம், அது இரண்டு பக்கமும் போய் வந்து களைத்துவிட்டது. கடைசியில் நேருக்கு நேர் வாய்ச்சண்டையே வந்தது. வேலியோரம் நின்ற கடைக்காரிக்குக் காது குளிர்ந்தது.

உனக்கு யார் சிவப்பு கொடுத்தது என்று அண்ணன் கேட்டான். தம்பி சொன்னான். இருவரும் ஒன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள், ஒன்றாக வேலிக்கு வந்தார்கள், மாற்றி மாற்றித் திட்டினார்கள். அவள் எதையும் மறுக்கவில்லை.

"ஆமா, வேணும்னுதான் செஞ்சேன்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக் கேட்டு எத்தன வருஷமாச்சு?" சொல்லும்போதே அழுகை முட்டியது.

அண்ணன் அவளை விட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினான்.

"சின்ன வயசுலயே நம்ம அம்மா இவளுக்கு ரெண்டு போட்டிருக்கணும்டா."

"எங்க போட்டாங்க? செல்லம் குடுத்தே கெடுத்துட்டாங்க," என்றான் தம்பி.

நம்ம அம்மா. இத்தனை வருடமாக இருவர் வாயிலும் 'நம்ம' என்ற சொல்லே வந்ததில்லையே. கடைக்காரி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மந்தையை விற்பாயா மாட்டாயா என்று அவள் கேட்கவில்லை. அண்ணனும் தம்பியும் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டட்டும் என்று நின்றாள்.