பெரட்டுக்களத்தில் ஒட்டிய சிம் அட்டவணை

போன் வாங்கப் பதுளைக்குப் போனவர்கள் மூன்று பேர்: அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வாச்சர் வேலை பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். விழித்திருந்தாலும் வந்திருக்க மாட்டார். "பட்டன் போன்ல கூப்பிட்டா அவன் பேச மாட்டேன்னா சொல்றான்?" என்பதுதான் அவருடைய கட்சி. இன்னொருவர் அண்ணன். போன் தேவைப்பட்டது அவருக்கு, சல்லி அனுப்பியதும் அவர். ஆனால் அவர் இருந்தது கத்தாரில்.

விஷயம் இதுதான். அண்ணனுக்கு முப்பத்து நான்கு வயது. மூன்று சம்பந்தம் வந்து தவறிப்போயிருந்தது. நான்காவதாக மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. பெண் முன்பள்ளி ஆசிரியை. அவள் தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தாள். முன்பு ஒரு மாப்பிள்ளை வீட்டார் பத்து வருடப் பழைய படத்தைக் காட்டி ஏமாற்றப் பார்த்தார்களாம். ஆகையால் படம் வேண்டாம், ஆள் பேசுவதைப் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் பதில். அவர்கள் தோட்டத்தில் சிக்னல் என்பதே கிடையாது. எனவே பெண்ணும் அவள் அப்பாவும் பெரியம்மாவும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள், அண்ணன் வீடியோவில் வருவார் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. கத்தாரில் அது சாப்பாட்டு வேளை. அண்ணனுக்குக் கிடைப்பது அரை மணி நேரம்.

பதுளைக் கடையில் முதலாளி ஐந்தாறு போன்களைக் கண்ணாடி மேசையில் பரப்பினார். "எத்தனை ஜிபி பாக்கிறீங்க?" என்றார்.

"இருக்கறதுலயே பெரிய ஜிபியா எடுங்க," என்றார் மாமா, தக்காளி பொறுக்குபவரைப் போல.

அம்மாவுக்கு ஜிபியைப் பற்றிக் கவலையில்லை. "முதலாளி, இதுல மூஞ்சி எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

முதலாளி உற்சாகமாகி ஒரு போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்து எதையோ தட்டினார். முப்பது வருடம் கொழுந்து பறித்து வெயில் குடித்த அம்மாவின் முகம் திரையில் பால்கோவா நிறத்துக்கு வந்தது. கன்னத்து மருவைக் காணவில்லை. "பாத்தீங்களாம்மா, இருபது வயசு கொறைஞ்சிருச்சு!"

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பார்க்கப் பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். பிறகு போனைத் தள்ளி வைத்தார். "வேணாங்க. இதுல எம்மகனப் பாத்து சரின்னுட்டு, நாளைக்கு அவன் வந்து எறங்கினா வேற ஆளுன்னு சொல்லிருவாங்க. உள்ளத உள்ளபடி காட்டுற போனா குடுங்க."

உள்ளதை உள்ளபடி காட்டும் போன் ஒன்றை எடுத்தோம். "எந்த சிம் போடட்டும்?" என்றார் முதலாளி. இங்கேதான் நான் தலையிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராகவும் இருக்கிறேன். படித்தவன் ஒரு காரியத்தை ஆராயாமல் செய்யக்கூடாது என்ற எண்ணம் எனக்கு அப்போது பலமாக இருந்தது. "சிம் இப்ப வேணாம். எது நம்ம லயத்துல நல்லா வேல செய்யும்னு ஆராய்ச்சி பண்ணிட்டு வாங்குவோம்," என்றேன்.

"சிம்மு இல்லாத போன என்னாடா பண்றது?" என்றார் மாமா. "தலை சீவிக்கலாம், கண்ணாடி மாதிரி." ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தப் போனில் பார்த்துப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டே வந்தார்.

பள்ளிக்கூட விடுமுறை. ஒரு புதன்கிழமை காலையில் என் ஆராய்ச்சி தொடங்கியது. எங்கள் பக்கம் மூன்று கம்பெனிகளின் சிம் புழங்குகிறது. அவற்றின் பெயரைச் சொல்லி யாருக்கும் விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. என் கொப்பியில் இருந்தபடியே அ, ஆ, இ என்று வைத்துக்கொள்கிறேன். 'அ' மாமாவின் போன், திரை உடைந்த பழையது. 'ஆ' எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவரின் போன். 'இ' பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் போன். மூன்றையும் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

முறை எளிமையானது. ஒவ்வோர் இடத்திலும் நின்று மூன்று போனிலும் ஒரே கிரிக்கெட் வீடியோவைத் திறப்பது. வட்டம் சுற்றி முடித்துப் படம் ஓடத் தொடங்க எத்தனை விநாடி என்று எழுதுவது. வரிசை வீடுகளான மேட்டு லயம், பணிய லயம், தண்ணீர் பிடிக்கும் பீலி, கோயில், கொழுந்து நிறுக்கும் மடுவம், பெரட்டுக்களம் என்று பன்னிரண்டு இடம்.

தலைவரின் போன்தான் சிரமம் கொடுத்தது. அது ஓயாமல் அடித்தது. எடுக்காமல் விடவும் மனம் வரவில்லை.

"தலைவரே, எங்கூட்டுத் தகரம் எப்ப வரும்?"

"தலைவர் இல்லீங்க. நான் சிக்னல் பாக்கிறேன்."

"சிக்னல அப்புறம் பாருங்க. தகரத்த பாருங்க மொதல்ல. சட்டிய வச்சு தண்ணி புடிக்கிறோம்."

மாலையில் தலைவரிடம் போனைத் திருப்பிக் கொடுத்தபோது கூடவே ஒரு தாளும் கொடுத்தேன். மூன்று வீட்டுத் தகரம், ஒரு தண்ணீர்க் குழாய், வேலை செய்தும் சம்பளக் கணக்கில் பெயர் போடாமல் விட்ட அரைநாள் ஒன்று. தலைவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "தம்பி, நாளைக்கும் வேணும்னா போன வச்சுக்கங்க," என்றார்.

முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது. 'ஆ' எங்கள் லயத்தில் நான்கே விநாடியில் ஓடியது. 'அ' ஒன்பது விநாடி. 'இ' பீலியடியில் மட்டும் ஓடியது, அதுவும் குடத்துக்கு இடப்பக்கமாக நின்றால். மறுநாளே 'ஆ' சிம் வாங்கிப் போட்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அறிவு என்பது ஒருவனுடைய கொப்பிக்குள் கிடப்பதற்கல்ல என்று எனக்குத் தோன்றியது. அட்டவணையை ஒரு பெரிய தாளில் கோடு போட்டு எழுதி, 'ஆ' என்பதற்குப் பதிலாகக் கம்பெனியின் பெயரையே எழுதி, சிவப்பு மையில் இரண்டு தரம் அடிக்கோடிட்டு, பெரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டினேன். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் நிற்க வேண்டும்.

"படிச்ச புள்ளன்னா இப்படி நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கணும்," என்று தலைவர் எல்லார் முன்னாலும் சொன்னார். அம்மா கொழுந்துக் கூடையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து சிரித்தார். அந்த வாரக் கடைசியில் கம்பெனிக்காரர் ஒருவர் தோட்டத்துச் சந்தியில் குடையை விரித்து உட்கார்ந்து, பின்னேரத்துக்குள் கொண்டுவந்த சிம் அத்தனையையும் விற்றுவிட்டுப் போனார். மாமாவும் மாறினார். பிள்ளைக்காம்பரா அக்காவும் மாறினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மடுல்சீமைக்காரர்கள் இரண்டு பஸ் மாறி மூன்றரைக்கு வந்து சேர்ந்தார்கள். பெண் நீலச் சேலையில் இருந்தாள். வெட்கப்படாமல் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் பதுளையில் கடைசி மடுல்சீமை பஸ் கிடைக்கும் என்று பெண்ணின் அப்பா வந்ததுமே சொல்லிவிட்டார். போனைச் சாமிப் படத்துக்குக் கீழே சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருந்தோம். நான்கு மணிக்கு அண்ணனுக்கு அழைப்பு எடுத்தேன்.

வட்டம் சுற்றியது.

நான்கு விநாடி போயிற்று. நாற்பது விநாடி போயிற்று. நிறுத்தி மறுபடி எடுத்தேன். வட்டம் சுற்றியது. நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு அண்ணனின் நெற்றி மட்டும் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

பெண்ணின் பெரியம்மா திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். "இதுதான் மாப்பிள்ளைங்களா, இந்த சுத்துறது?"

பெண் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். கடையில் போட விட்டிருந்தால் ஏதாவது ஒரு சிம்மோடு வந்திருப்போமே என்று அந்தப் பார்வை சொன்னது.

அந்த நேரம் அப்பாவின் சட்டைப் பையில் பட்டன் போன் அடித்தது. கத்தாரிலிருந்து அண்ணன். "என்னாப்பா, யாரும் எடுக்க மாட்டேங்கிறீங்க? இருபது நிமிசம்தான் இருக்கு!" என்ற குரல் காம்பரா முழுக்கக் கேட்டது. அப்பா அந்தச் சின்னப் போனை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். "பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் போனு."

"கொரலக் கேக்கவா மடுல்சீமையில இருந்து வந்தோம்?" என்றார் பெரியம்மா. பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் வாசலுக்கு வந்தேன். லயத்தின் நீளத்துக்கும் ஒவ்வொரு வாசலிலும் யாராவது உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாகூடப் பாறையில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மருமகனே, உன் சிம்மு இன்னைக்கு எங்களுக்கும் ஓட மாட்டேங்குதே," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அளந்தது புதன்கிழமை காலை பத்து மணிக்கு. லயத்தில் ஆள் இல்லை, எல்லாரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். 'ஆ'வின் சிக்னல் அத்தனையும் எனக்கு ஒருவனுக்கே கிடைத்தது. இப்போது ஞாயிறு பின்னேரம், மழை வரப்போகிற நேரம், தோட்டம் முழுக்க வீட்டில். என் சிவப்பு அடிக்கோட்டை நம்பி எல்லாரும் ஒரே சிம்.

கோயிலை நோக்கி ஓடினேன். தலைவர் அங்கே திருவிழாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுந்து மைக் செட்டைப் போட்டார். இரண்டு தரம் ஊதினார். சம்பளப் போராட்டத்துக்கு வைத்திருக்கும் குரலை எடுத்தார்.

"தோட்டத்து மக்களுக்கு ஓர் அவசர அறிவித்தல். நம்ம வாச்சர் வீட்டுப் பெரிய தம்பிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க மடுல்சீமையில இருந்து வந்திருக்காங்க. மாப்பிள்ளை வீடியோவுல வர முடியாம கஷ்டப்படுறாரு. ஆகவே, எல்லாரும் உடனடியா டேட்டாவை நிறுத்தி ஒத்துழைப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். மேட்டு லயத்துக்காரங்களும்தான். கிரிக்கெட் பாக்கிறவங்களும்தான்."

நான் வீட்டுக்குத் திரும்பி ஓடியபோது மணி நான்கு பதினாறு. மறுபடி எடுத்தேன். வட்டம் அரைச் சுற்றுக்கூடச் சுற்றவில்லை. அண்ணன் வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி, தலைக்குத் தண்ணீர் தடவி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். கண் இமையைக்கூட எண்ணலாம் போலத் தெளிவாக இருந்தது.

ஆனால் டேட்டாவை நிறுத்திய தோட்டத்துக்கு அதற்குப் பிறகு பொழுது போகவில்லை. எல்லாரும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஜன்னலில் ஏழு தலை. கதவில் எத்தனை என்று தெரியவில்லை. பெண் திரையைப் பார்த்து, "வணக்கங்க," என்றாள்.

அண்ணன் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்தபடி நின்றுவிட்டது.

"அடடா, மறுபடி நின்னுருச்சு!" என்று ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. "யாரோ டேட்டா போட்டிருக்காங்க! போட்டது யாருப்பா?" மாமா தன் போனை உயர்த்திக் காட்டிச் சத்தியம் செய்தார்.

நான் திரையைக் கவனித்துப் பார்த்தேன். அண்ணனுக்குப் பின்னால் ஒருவர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கை வாய்க்கும் தட்டுக்குமாக ஒழுங்காகப் போய்வந்தது. "சிக்னல் நிக்கல," என்றேன். "அண்ணன்தான் நின்னுட்டாரு."

வாசல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அண்ணனின் காது சிவந்ததையும் அந்தப் போன் உள்ளபடியே காட்டியது. அப்போது பெண் எழுந்தாள். சீனி டப்பாவிலிருந்து போனை எடுத்தாள். "இவ்வளவு பேருக்கு முன்னால நான்னாலும் பேச மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய், தேயிலைக்கு நடுவிலுள்ள சின்னப் பாதையில் ஏறினாள். கூட்டமும் திரும்பி அவள் பின்னால் போகப் பார்த்தது.

அம்மா வாசற்படியில் குறுக்கே நின்றார். "யாரும் போகக் கூடாது. எல்லாருக்கும் தேத்தண்ணி போடறேன், குடிச்சிட்டுத்தான் போகணும். டேய், கடையில இருக்கிற பிஸ்கட்ட பூரா வாங்கிட்டு வா. சீனி ரெண்டு கிலோ. பால்மாவும்."

அறுபது பேருக்குக் குறையாது. தேத்தண்ணி கிடைக்கும் என்றதும் யாரும் நகரவில்லை. மேலே நீலச் சேலை மட்டும் தெரிந்தது. முதலில் நின்றுகொண்டே பேசினாள். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ஒரு தடவை சிரித்தாள். கீழே நின்றவர்கள் அதை ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டார்கள். பெண்ணின் அப்பா மட்டும் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். எங்கள் அம்மாவும் அடுப்பிலிருந்து ஐந்து தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.

நான்கு முப்பத்தொன்றுக்கு அவள் இறங்கி வந்தாள்.

"என்னம்மா?" என்றார் அவளுடைய அப்பா.

வந்ததிலிருந்து அம்மாவை எந்த முறையும் வைத்துக் கூப்பிடாமல் சமாளித்துவந்தவள், நேரே அம்மாவிடம் போய்ப் போனை நீட்டினாள். "அத்தை, அவரு இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள சாப்பாட்டு மணி முடிஞ்சிருச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமையும் நாங்க வரட்டுமா?"

அம்மா போனை வாங்கவில்லை. அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டார். பெண்ணின் அப்பா ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். பெரியம்மா இன்னொரு கோப்பை கேட்டார். தலைவர் அடுத்த ஞாயிற்றுக்கும் மைக் செட்டை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் போய் அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. சிவப்புக் கோடு மட்டும் சுவரில் தங்கிவிட்டது.

அன்றிரவு அப்பாவின் பட்டன் போனில் அண்ணன் கேட்டார், எல்லாமாக எவ்வளவு ஆயிற்று என்று. போன், அதன் உறை, சிம், டேட்டா, மூவருக்கும் பதுளை பஸ், மைக் செட்டுக்காகக் கோயில் உண்டியலில் போட்டது, அறுபது பேரின் தேத்தண்ணி, பிஸ்கட். கூட்டிப் பார்த்துச் சொன்னேன்: ஐம்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.