பொய்ப் பிரிண்டரின் கையில் இருந்த பெயர்

"பொட்டக் இன்னங்க நானா!"

கணினித் திரையில் எல்லாம் பச்சையாகிவிட்டது, அதாவது சோதனை எல்லாம் பாஸ். மற்றவர்கள் என்றால் பிளேன்டீ குடிக்க ஓடியிருப்பார்கள். கிருஷ்ணகுமாரியோ கையைத் தூக்கி, அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் முதலாளி ஜஸீலை நிறுத்துகிறாள். கொஞ்சம் பொறுங்கள் என்பதைச் சிங்களத்தில் சொல்லி, அதற்கும் ஒரு தோட்டத்து 'ங்க' ஒட்டுவாள். யட்டியாந்தோட்டைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கேகாலையில் ஜஸீலின் சின்னக் கணினி நிலையத்தில் நிரல் எழுதுகிறாள். எங்கள் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

அவள் எழுதுவது தோட்டத்து டிஸ்பென்சரிக்கான நிரல். நோயாளியின் பெயர், மருந்து, அளவு மூன்றையும் அது பிரிண்டருக்கு அனுப்பும். லேபல் போத்தலில் ஏறும். சோதனைக்கு நிஜப் பிரிண்டர் கிடையாது. அதைப்போல நடிக்கும் பொய்ப் பிரிண்டர் ஒன்றை நிரலிலேயே எழுதிவைப்பார்கள். நிரல் அதைக் கூப்பிட்டுவிட்டால் சோதனை பாஸ். இவளுக்கு அது போதாது. "கூப்புட்டா மட்டும் சரியாங்க? கையில என்னத்தக் குடுத்துச்சுன்னு பாக்க வேணாமா?" கொடுத்ததை அப்படியே பிடித்துப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டுதான் பார்ப்பாள். அது இல்லாவிட்டால் கண் தெரியாதாம்!

2009 பெப்ரவரியில், நிரலைக் கொண்டுபோகிற நாள். வாசலில் வேன். "எல்லாம் பச்சதானே, இன்னும் என்னத்தப் பாக்கிற?" என்று ஜஸீல் கத்தினார். அவள் அசையவில்லை. அதுவரை சோதனை நோயாளியின் பெயர் றஊப் என்ற ஒற்றைப் பெயர். அன்றைக்குத் தன் முழுப்பெயரையும் தம்பி ஸ்ரீதரனின் முழுப்பெயரையும் போட்டுப் பார்த்தாள். பொய்ப் பிரிண்டரின் கையில் இரண்டு பேருக்குமே இருந்தது 'காத்தமுத்து'. அது அவர்களுடைய அப்பா! தோட்டத்தில் அப்பா பெயர்தான் முன்னால் வரும். லேபலில் இடம் போதாதென்று நிரல் முதல் பெயரை மட்டும் எடுத்திருந்தது. அந்த வரியை எழுதியவளும் அவளேதான்.

"தம்பிக்கு வலிப்பு மருந்து, எனக்கு இருமல் மருந்து. ரெண்டு போத்தலும் ஒரே தட்டுலதாங்க இருக்கும். பேரப் பாத்துத்தாங்க அம்மா ஊத்தும்." "யா அல்லாஹ்!" என்று ஜஸீல் உட்கார்ந்துவிட்டார். அவள் அந்த வரியைத் திருத்தியபிறகு, வேன் மறுநாள்தான் போனது.

டிஸ்பென்சரியில் முதல் லேபல் வெளியே வந்தது. மருந்து கொடுப்பவர், "ஸ்ரீதரன்!" என்று கூப்பிட்டார். தம்பி போய் வாங்கினான். ஜஸீல் கைதட்டினார், வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள். அவள் தம்பியின் கையிலிருந்து போத்தலைப் பறித்து, லேபலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் வாய்விட்டு வாசித்தாள், பிறகுதான் கொடுத்தாள்.